மொபைல் அன்லிமிடெட் டேட்டாவுக்குப் பதில் வீட்டுக்கு வயர்லெஸ் பிராட்பேண்ட் உண்டா?

உண்டு. ஜியோவும் ஏர்டெலும் 2023 முதல் தரும் ஏர்ஃபைபர்தான் அது. மொட்டை மாடியில் ஒரு பெட்டியை டவரைப் பார்த்து மாட்டுவார்கள் (வாடகை வீடென்றால் ஓனரிடம் முதலில் கேட்டுவிடுங்கள்). அது 5ஜி சிக்னலை வாங்கி, வயர் வழியாக உள்ளே இருக்கும் ரவுட்டருக்கு அனுப்பும். அங்கிருந்து வீடு முழுக்க வைஃபை.

வீட்டுக்குள் போனில் போடும் ஹாட்ஸ்பாட்டும் அதே டவரைத்தானே பிடிக்கிறது? ஆமாம், ஆனால் 5ஜி அலைகள் கான்கிரீட் சுவரைத் தாண்டும்போது வலுவிழந்துவிடும். பழைய டிவிக்கு உள்ளே ஏரியலை நீட்டியதற்கும் மாடியில் ஆன்டெனா வைத்ததற்கும் இருந்த வித்தியாசம்தான்.

தெருவுக்கு ஃபைபர் கேபிள் வந்திருந்தால் யோசிக்காமல் அதையே போடுங்கள். டவரில் கூட்டம் கூடும் மாலை நேரத்தில் ஏர்ஃபைபர் மந்தமாகலாம்.

வயர்லெஸ் என்பதால் கரண்ட் போனாலும் ஓடும் என்று பலர் நினைக்கிறார்கள். யுபிஎஸ் இல்லாவிட்டால் மாடிப் பெட்டி, ரவுட்டர் இரண்டுமே நின்றுவிடும்.