துணைநூற்பட்டியல் சந்தேகங்கள்: டெல்டா ஆய்வு மாணவர்களுக்குப் பதில்கள்

ஆய்விதழ்களுக்குப் படி திருத்தும் வேலை பார்ப்பதால், தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறைப் பக்கத்து ஆய்வு மாணவர்கள் அனுப்பிய கேள்விகள் என்னிடம் வந்தன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டேன்.

ஐயா, இதழ் ஏபிஏ (அமெரிக்க உளவியல் சங்கத்தின் மேற்கோள் முறை) ஏழாம் பதிப்பு கேட்கிறது. என் வழிகாட்டி ஆறாம் பதிப்பில் பழகியவர். பெரிய வித்தியாசமா? (சமூகவியல், திருவாரூர்)

2019இல் வந்த ஏழாம் பதிப்பில் உங்களுக்கு முக்கியமானவை கொஞ்சம்தான். பதிப்பகத்தின் ஊர்ப்பெயர் போய்விட்டது. கேத்லீன் கஃப் தஞ்சை கிராமங்களைப் பற்றி எழுதிய 1981ஆம் ஆண்டு நூலுக்குக் கேம்பிரிட்ஜ் யூனிவர்சிட்டி பிரஸ் என்று போட்டால் போதும், ஊர் வேண்டாம். மூன்று பேரோ அதற்கு மேலோ எழுதிய கட்டுரை என்றால், கட்டுரையின் உடலில் முதல் தடவையே முதலாமவர் பெயரும் ‘எட் ஆல்’ (மற்றும் பிறர்) என்பதும் மட்டும். பட்டியலில் மட்டும் 20 பேர் வரை எல்லாரையும் எழுத வேண்டும். டிஓஐ எனும், கட்டுரைக்குரிய நிலையான அடையாள எண்ணை முழு இணைய முகவரியாகத் தர வேண்டும். வழிகாட்டியிடம் வாதாடாதீர்கள். இதழின் ‘ஆசிரியர்களுக்கான குறிப்புகள்’ பக்கத்தை அச்செடுத்து அவர் மேசையில் வையுங்கள்.

என் கட்டுரையை மேற்கோள் காட்டுகிறவர்கள் என் முன்னெழுத்தைக் குடும்பப்பெயராகப் போடுகிறார்கள். யார் தவறு? (வேதியியல், கும்பகோணம்)

பாதி உங்கள் பக்கம்தான் இருக்கும். நம் முன்னெழுத்து அப்பா பெயரோ ஊர்ப்பெயரோ. கட்டுரை அனுப்பும் படிவம் ‘கடைசிப் பெயர்’ கட்டாயம் என்று அடம்பிடிக்கும்போது பலர் அந்த ஒற்றை எழுத்தை அங்கே போட்டுவிடுகிறார்கள். ப. செந்தில்குமார் என்ற ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். தகவல் தளம் ‘பி’யைக் குடும்பப்பெயராக்கி, செந்தில்குமாரை ‘எஸ்’ என்று சுருக்கிவிடும். ‘பி எஸ்’ என்று யாரோ எழுதிய கட்டுரையாக அது உலகம் சுற்றும், பிறகு தேடினாலும் கிடைக்காது.

சொந்தப் பெயரைக் ‘கடைசிப் பெயர்’ கட்டத்திலும் முன்னெழுத்தை ‘முதல் பெயர்’ கட்டத்திலும் போடுங்கள். ஒரு வடிவத்தை முடிவு செய்தால் ஓய்வு பெறும்வரை அதையே வைத்துக்கொள்ளுங்கள். ஆர்கிட் எண் (ஆய்வாளருக்கான தனி அடையாள எண்) இலவசம், 16 இலக்கம், இன்றைக்கே எடுத்துவிடுங்கள்.

பிறர் பெயரை எழுதும்போதும் இதே கவனம் வேண்டும். சோழர் வரலாறு எழுதியவர் பட்டியலில் ‘நீலகண்ட சாஸ்திரி, கே. ஏ.’ என்றுதான் வருவார். மேற்கோள் மென்பொருளிடம் விட்டால் ‘சாஸ்திரி, கே. ஏ. என்.’ ஆகிவிடுவார், ஒரே கட்டுரையில் இரண்டு ஆளாகவும் ஆகலாம். சந்தேகம் வந்தால் நூலின் தலைப்புப் பக்கத்தையோ கட்டுரையின் முதல் பக்கத்தையோ திறந்து பாருங்கள். அடுத்தவர் பட்டியலிலிருந்து நகலெடுக்காதீர்கள். நான் திருத்தும் பிழைகளில் பெரும்பாலானவை அப்படிப் பரம்பரையாக வருபவைதான்.

பெரிய கோயில் கல்வெட்டு ஒன்றை எப்படிக் குறிப்பது? (வரலாறு, தஞ்சாவூர்)

முதலில், எங்கே படித்தீர்கள் என்று எனக்குச் சொல்லுங்கள். ஹுல்ட்ஷ் பதிப்பித்த தென்னிந்தியக் கல்வெட்டுகள் இரண்டாம் தொகுதியில் படித்திருந்தால், தொகுதி எண், கல்வெட்டு எண், தேவையானால் வரி எண். பக்க எண்ணை மட்டும் நம்ப வேண்டாம், கல்வெட்டு எண்ணை வைத்துத்தான் எவரும் தேடுவார்கள். கல்வெட்டு ஆண்டறிக்கையில் மட்டும் இருப்பது என்றால் அறிக்கையின் ஆண்டும் அதன் வரிசை எண்ணும். சுவரில் நேரே படித்திருந்தால் அதையும் சொல்லுங்கள், எந்தச் சுவர் என்பதோடு.

நீலகண்ட சாஸ்திரி நூலில் மேற்கோளாகப் பார்த்துவிட்டுத் தொகுதியை நேரே படித்ததுபோல் எழுதுவது நம் பக்கம் சர்வசாதாரணம். அந்த நூல் 1935, 1937 என்று இரண்டு தொகுதியாக வந்து, 1955இல் திருத்திய இரண்டாம் பதிப்பாக வந்தது. எதைப் பார்த்தீர்கள் என்று சொல்லாவிட்டால் பக்க எண் வீண். சரஸ்வதி மகால் சுவடி என்றால் நூலகத்தின் பெயர், ஊர், சுவடி எண் மூன்றும் கட்டாயம். ஒரே தலைப்பில் பல சுவடிகள் இருக்கும்.

திருத்துறைப்பூண்டிப் பக்கம் விவசாயிகளைப் பேட்டி எடுத்தேன். ஒவ்வொருவர் பெயரும் பட்டியலில் வர வேண்டுமா? (பொருளியல், நாகப்பட்டினம்)

வேண்டாம், வரவும் கூடாது. அவர்கள் உங்கள் ஆய்வின் பங்கேற்பாளர்கள், அவர்கள் சொன்னது உங்கள் தரவு. ‘விவசாயி 7, குத்தகைதாரர்’ என்பதுபோல் உடலில் அடையாளம் கொடுத்தால் போதும். இங்கே இன்னொரு எச்சரிக்கை: சின்ன ஊரில் வயது, சாதி, நிலத்தின் அளவு மூன்றையும் சேர்த்து எழுதினால் பெயர் எழுதியதற்குச் சமம். டீக்கடையில் கேட்டால் ஆளைக் காட்டிவிடுவார்கள்.

வேளாண் அலுவலர் ஒருவர் தொலைபேசியில் ஒரு தகவல் சொன்னார் என்றால் அது வேறு. ஏபிஏ முறையில் அது ‘தனிப்பட்ட தொடர்பு’. அவர் அனுமதியோடு பெயரும் தேதியும் உடலில் வரும், பட்டியலில் வராது.

காவிரித் தீர்ப்பை எப்படிக் குறிப்பது மேடம்? (சட்டம், திருச்சி)

நான் மேடம் இல்லை, பரவாயில்லை. கர்நாடக அரசு எதிர் தமிழ்நாடு அரசு, (2018) 4 எஸ்சிசி 1. அதாவது ‘சுப்ரீம் கோர்ட் கேசஸ்’ என்ற தீர்ப்புத் தொகுப்பில் 2018ஆம் ஆண்டின் நான்காம் தொகுதி, முதல் பக்கம். தீர்ப்பு மிக நீளம், ஆகையால் பத்தி எண் இல்லாமல் விடாதீர்கள். காவிரி நடுவர் மன்றத்தின் 2007 பிப்ரவரி 5 இறுதி ஆணை தனி ஆவணம், அதைத் தனியாகக் குறியுங்கள். தமிழகத்துக்கு 192 டிஎம்சி என்று எழுதி 2018 தீர்ப்பை மட்டும் ஆதாரமாகக் காட்டினால் சிக்கல். 192 நடுவர் மன்றம் சொன்ன அளவு, உச்ச நீதிமன்றம் அதை 177.25 ஆக்கியது.

ஆங்கிலக் கட்டுரையில் தமிழ் நூல்களை எப்படிப் பட்டியலிடுவது? (இலக்கியம், மயிலாடுதுறை)

தலைப்பை ஆங்கில எழுத்தில் ஒலிபெயர்த்து, பக்கத்தில் சதுர அடைப்புக்குள் ஆங்கிலப் பொருள். ஒலிபெயர்ப்புக்குச் சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதி முறையோ ஐஎஸ்ஓ முறையோ, ஒன்றைப் பிடித்துக்கொண்டு கடைசிவரை போங்கள். நூலில் திருவள்ளுவர் ஆண்டு மட்டும் இருந்தால் 31 கழியுங்கள்: 2055 என்றால் 2024.

பட்டியல் நீண்டால் ஒற்றுமை விழுக்காடு (பிறர் எழுத்தோடு ஒத்துப்போகும் அளவு) ஏறாதா? (மேலாண்மை, தஞ்சாவூர்)

யுஜிசியின் 2018 விதிகள்படி துணைநூற்பட்டியல் கணக்கில் வராது. ஒற்றுமை பார்க்கும் மென்பொருளில் அதை விலக்கச் சொல்லிவிட்டு ஓட்டுங்கள்.

சாட்ஜிபிடி ஏபிஏ வடிவில் அழகாகப் பட்டியல் தந்தது. அப்படியே போடலாமா? (கல்வியியல், மன்னார்குடி)

அழகுதான் ஆபத்து. உண்மையான ஆசிரியர், உண்மையான இதழ், ஆனால் அப்படி ஒரு கட்டுரையே இருக்காது. டிஓஐயைச் சொடுக்கிப் பாருங்கள். திறந்தாலும் வேறு கட்டுரைக்குப் போகலாம், தலைப்பை ஒப்பிடுங்கள். டிஓஐ இல்லையென்றால் கிராஸ்ரெஃப் (டிஓஐ பதிவு செய்யும் தளம்) தேடலில் தலைப்பைப் போட்டுப் பாருங்கள், அப்புறம் அந்த இதழின் அந்தத் தொகுதிப் பொருளடக்கம். நீங்கள் திறந்து பார்க்காத எதுவும் பட்டியலில் இருக்கக் கூடாது என்பதில் நான் கறார்.

நெல் ரகக் கட்டுரையை ஓர் இதழ் திருப்பிவிட்டது. அடுத்தது வான்கூவர் முறை (மேற்கோள்களுக்கு எண் போடும் முறை) கேட்கிறது. எல்லாவற்றையும் கையால் மாற்ற வேண்டுமா? (வேளாண்மை, ஆடுதுறை)

ஸோட்டெரோ என்ற மேற்கோள் மென்பொருளில் வைத்திருந்தால் பாணியை மாற்றினால் போதும். எண்களும் உடலில் வரும் வரிசைப்படி தானே அமையும். ஆங்கிலக் கட்டுரைத் தலைப்புகளை முதல் சொல்லுக்கு மட்டும் பெரிய எழுத்து வரும் சிறிய எழுத்துமுறையில் சேமித்து வையுங்கள், பெரிய எழுத்தாக மாற்ற மென்பொருளுக்குத் தெரியும், திரும்பச் சிறிதாக்கத்தான் தடுமாறும். கையால் அடித்திருந்தால், முதலில் அந்த இதழின் குறிப்புகளைப் படியுங்கள். முதல் அனுப்புதலில் எந்த முறையானாலும் சீராக இருந்தால் சரி என்று சொல்லும் இதழ்கள் இப்போது நிறைய. அப்படியானால் ஏற்றுக்கொண்ட பிறகு மாற்றிக்கொள்ளலாம்.