லோடு வண்டி எத்தனை டன் தாங்கும்? கேட்டவர்களுக்குப் பதில்

நாமக்கல் பக்கம் 21 வருஷமாக ஸ்பிரிங் பட்டறை வைத்திருக்கிறேன். குட்டி யானை, பிக்கப் எடை பற்றிக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்த வரிசையிலேயே பதில் எழுதுகிறேன்.

சேலம்: குட்டி யானை வாங்கப் போறேன் அண்ணா. 750 கிலோ பாஸிங்னு சொல்றாங்க. மேல கம்பிக் கூண்டு கட்டினா லோடு குறையுமா?

குறையும் தம்பி. வாங்குவதற்கு முன்னாலேயே கேட்டீர்கள், நல்லது. ஆர்.சி.யில் மொத்த எடை, காலி எடை என்று இரண்டு எண் இருக்கும். கழித்தால் வருவதுதான் பாஸிங். மோட்டார் வாகனச் சட்டப்படி காலி எடையில் டிரைவரும் கிளீனரும் சேரமாட்டார்கள். அவர்கள் எடை லோடில்தான் சேரும்.

ஒரு பிக்கப்புக்கு மொத்த எடை 2,500 கிலோ, காலி எடை 1,300 என்று வையுங்கள். மிச்சம் 1,200. ஐம்பது கிலோ மூட்டை 24 ஏறும் என்று எல்லாரும் நினைப்பார்கள். பிறகு கட்டிய கூண்டு 140, ஆள் இரண்டு பேர் 130, தார்ப்பாய், கயிறு, ஜாக்கி 30. இதிலேயே 300 போய்விட்டது. ஏற வேண்டியது 18 மூட்டைதான்.

கூண்டு கட்டிய அன்றே டீசல் நிரப்பி, சரக்கு இல்லாமல் எடை மேடையில் ஏற்றிச் சீட்டு வாங்கி வையுங்கள். இனி உங்கள் வண்டிக்குக் காலி எடை அந்தச் சீட்டில் இருப்பதுதான்.

ஈரோடு: 1.7 டன் பிக்கப்ல 40 மூட்டை மஞ்சள் ஏத்தலாமா? மூட்டை 50 கிலோ.

40 மூட்டை 2,000 கிலோ. ஏற்றக் கூடாது.

கரூர்: பிக்கப் எவ்வளவு தாங்கும்?

முதல் பதிலில் இருக்கிறது. எடை மேடை.

திருச்செங்கோடு: பின்னாடி ரெண்டு பட்டை சேர்த்துட்டா 500 கிலோ கூட ஏத்தலாம்தானே?

ஸ்பிரிங் பட்டை சேர்ப்பது என் பிழைப்பு. ஆனாலும் சொல்கிறேன், ஏற்ற முடியாது. பட்டை சேர்த்தால் வண்டி பின்னால் தொங்காது, அவ்வளவுதான். டயர், வீல் பேரிங், அச்சு, சேஸிஸ், பிரேக் எல்லாம் பழையபடியே இருக்கின்றன. டயர் ஓரத்தில் அளவுக்குப் பக்கத்தில் ஓர் எண் இருக்கும், பாருங்கள். 98 என்றால் அந்த ஒரு டயர் 750 கிலோ தாங்கும், 100 என்றால் 800. நான் பட்டை சேர்த்ததால் அந்த எண் மாறாது.

ராசிபுரம்: நான் பத்து வருஷமா மூணு டன் ஏத்துறேன். ஒண்ணும் ஆகலை. கம்பெனிக்காரன் பாதிதான் எழுதுவான்.

ஒன்றும் ஆகவில்லை என்று எப்படித் தெரியும்? என் பட்டறைக்கு வரும் உடைந்த பட்டையின் வாயைப் பார்த்திருக்கிறீர்களா? பாதிக்கு மேல் துருவேறிக் கறுத்திருக்கும், மீதி மட்டும் வெள்ளி மாதிரி மின்னும். மின்னுகிற இடம் இன்றைக்கு உடைந்தது. கறுத்த இடம் எப்போதோ விரிசல் விட்டு, உள்ளே தண்ணீர் போய் வந்தது. அத்தனை நாளும் அந்த டிரைவரும் "ஒண்ணும் ஆகலை" என்றுதான் ஓட்டியிருப்பார்.

ராசிபுரம்: 2018ல கவர்மெண்டே அச்சு எடையைக் கூட்டிக் குடுத்துச்சே? அப்ப தாங்கும்னுதானே அர்த்தம்?

அது பெரிய லாரிகளுக்கு, ஓர் அச்சு சாலையில் எவ்வளவு எடை இறக்கலாம் என்ற வரம்பு. உங்கள் பிக்கப் ஆர்.சி.யில் இருக்கும் எண் அதனால் கூடவில்லை.

நீங்கள் கொல்லிமலை ஓட்டுகிறவர். 70 கொண்டை ஊசி வளைவு. மேலே சொன்ன 2,500 கிலோ வண்டியில் மூன்று டன் ஏற்றினால் 4,300 ஆகிறது. அந்த இறக்கத்தில் அதே பிரேக் டிரம், அதே லைனிங் 1.7 மடங்கு சூட்டை வாங்க வேண்டும். லைனிங் கருகும் வாடை உங்களுக்குத் தெரியாததில்லை. அதற்கப்புறம் மிதித்தால் பெடல் இருக்கும், பிடிப்பு இருக்காது. கோபப்படாமல் ஒருமுறை யோசியுங்கள்.

கோவை: இன்ஜின் ஆயில் எது நல்லது?

இன்ஜின் மெக்கானிக்கைக் கேளுங்கள்.

டெக்சாஸ்: ஃபோர்டு எஃப்-150 பிக்கப் வைத்திருக்கிறேன். 11,000 பவுண்டு இழுக்கும் என்கிறார்கள். 7,000 பவுண்டு கேம்பர் டிரெய்லர் தாராளமாகப் போகும் அல்லவா? கதவு ஸ்டிக்கரில் 1,500 என்று இருக்கிறது. நாங்கள் நாலு பேர்.

தாராளமாகப் போகாது. இழுப்பது வேறு, சுமப்பது வேறு. ஸ்டிக்கரில் இருக்கும் 1,500 பவுண்டு, ஆளும் சாமானும் சேர்த்து வண்டி சுமக்கலாம் என்ற அளவு. டிரெய்லரின் மூக்கு உங்கள் வண்டியின் பின்பக்கத்தில் உட்காருகிறது. சாதாரணமாக டிரெய்லர் எடையில் 10 முதல் 15 சதவீதம் அங்கே இறங்கும். 13 என்று வைத்தால் 910 பவுண்டு. நாலு பேருக்கு 600. இதிலேயே 1,510 ஆகிவிட்டது. கொக்கி, ஐஸ் பெட்டி, பைகள் இன்னும் ஏறவில்லை.

விளம்பரத்தில் வரும் இழுவை எண் எஸ்.ஏ.இ. ஜே2807 என்ற சோதனை முறைப்படி வருவது. அதில் வண்டிக்குள் 150 பவுண்டு ஆள் இரண்டு பேர்தான் கணக்கு. உங்கள் குடும்பம் அதில் இல்லை. மூக்கு எடையைக் குறைக்கச் சாமானை டிரெய்லரின் பின்னால் தள்ளாதீர்கள். வேகத்தில் அது வால் ஆட்ட ஆரம்பித்தால் முன்னால் இருக்கும் வண்டியையும் சேர்த்துப் புரட்டும். நெடுஞ்சாலை ஓரம் டிரக் நிறுத்தங்களில் எடை மேடை இருக்கும். குடும்பத்தோடு, டிரெய்லரோடு ஏற்றிப் பாருங்கள்.

தர்மபுரி: ஓவர்லோடு பிடிச்சா எவ்வளவு?

மோட்டார் வாகனச் சட்டம் 194ஆம் பிரிவு. 2019 திருத்தத்துக்குப் பிறகு 20,000 ரூபாய், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. அதிகச் சரக்கை இறக்கும் வரை வண்டி நகராது.

ஆத்தூர்: மினி லாரி எத்தனை டன் தாங்கும் சார்?

மூன்றாவது தடவை. ஆர்.சி.யை எடுங்கள், கழியுங்கள், எடை மேடைக்குப் போங்கள்.

பெயர் போட வேண்டாம்: நான் டிரைவர்தான் அண்ணா. முதலாளி ஏத்தச் சொல்றார், மறுத்தா வேலை போயிடும்.

தம்பி, 194ஆம் பிரிவு ஓட்டுகிறவரையும் பிடிக்கும், ஓட்ட வைக்கிறவரையும் பிடிக்கும். முதலில் அதை அவரிடம் பணிவாகச் சொல்லுங்கள். அடுத்த லோடை எடை மேடையில் ஏற்றி, சீட்டைப் போனில் படம் எடுத்து அவருக்கே அனுப்புங்கள். பலருக்கு எண்ணைக் கண்ணால் பார்த்த பிறகுதான் உறைக்கிறது. இரண்டு நடையாகப் போட்டால் டீசல் எவ்வளவு கூடும், ஒரு செட் டயரும் பட்டையும் என்ன விலை என்று நானே அவரிடம் பேசுகிறேன். பட்டறைக்குக் கூட்டி வாருங்கள். அதுவரை மலை இறக்கத்துக்கு மட்டும் அந்த லோடோடு போகாதீர்கள்.