பார்ப்பவரை முடிவெடுக்க வைக்கும் மின்வழிப் பாடங்கள்: கேள்வி பதில்

டெல்டா மாவட்டங்களில் மின்வழிப் பாடங்கள் தயாரிப்போர் அனுப்பிய கேள்விகளுக்குப் பாட வடிவமைப்பாளர் ஒருவர் அளித்த பதில்கள்.

கேள்வி (உழவர் உற்பத்தியாளர் நிறுவனப் பணியாளர், திருவாரூர்): ஐயா, செம்மை நெல் சாகுபடி குறித்து 40 நிமிடக் காணொளி எடுத்தோம். பாதிக்கு மேல் யாரும் பார்ப்பதில்லை. சிறு பகுதிகளாக வெட்டினால் போதுமா?

பதில்: வெட்டத்தான் வேண்டும், அது மட்டும் போதாது. எட்எக்ஸ் என்ற இணையவழிப் பாடத் தளத்தின் பாடங்களில் பதிவான சுமார் 69 லட்சம் பார்வை அமர்வுகளை ஆராய்ந்து 2014இல் வெளிவந்த ஆய்வு, காணொளி எவ்வளவு நீண்டிருந்தாலும் பார்க்கப்படும் நேரத்தின் இடைநிலை அளவு (பாதிப் பார்வைகள் அதற்குள் முடிந்துவிடும் அளவு) 6 நிமிடத்தைத் தாண்டவில்லை என்று காட்டியது. அவை பல்கலைக்கழகப் பாடங்கள் என்பதால் உழவர்களுக்கு அந்த எண் அப்படியே பொருந்தும் என்று கொள்ள வேண்டாம். நீளத்தைக் காட்டிலும், ஒவ்வொரு பகுதியும் பார்ப்பவரிடம் ஒரு முடிவைக் கேட்கிறதா என்பதையே நான் முதலில் பார்ப்பேன். 14 நாள் நாற்றை ஒற்றை நாற்றாக, 25 செ.மீ. சதுர இடைவெளியில் நட வேண்டும் என்று சொல்லிக் கடந்துவிட்டால் கேட்பவருக்கு அங்கே வேலை எதுவும் இல்லை. மாறாக, ஜூன் 12இல் மேட்டூர் அணை திறந்தும் கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேராமல் நாற்றுக்கு 20 நாள் ஆகிவிட்டது, இப்போது என்ன செய்வீர்கள் என்று நிறுத்தி, மூன்று வழிகளைத் திரையில் வைத்து, அவர் தொட்ட வழியின் விளைவைக் காட்டுங்கள். சிவப்பில் "தவறு" என்று போடுவதால் பயனில்லை. முதிர்ந்த நாற்றில் தூர் (அடியிலிருந்து கிளைக்கும் பக்கத் தண்டுகள்) ஏன் குறைகிறது என்பதை அந்த இடத்திலேயே விளக்க வேண்டும். விளைவுகளை ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலைய விஞ்ஞானிகளிடம் காட்டித் திருத்திக்கொள்ளுங்கள். அங்கே வடிவமைப்பாளரின் ஊகத்துக்கு இடமில்லை.

கேள்வி (ஆசிரியை, மன்னார்குடி): திரையில் உள்ள வரிகளையே குரலிலும் படித்தால் நன்றாகப் பதியும் அல்லவா? பின்னணியில் மெல்லிய இசையும் சேர்க்கலாமா?

பதில்: படம் ஓடிக்கொண்டிருக்கும்போது பதியாது, அம்மா. பல்லூடகக் கற்றலை நெடுங்காலம் ஆராய்ந்த அமெரிக்க உளவியலாளர் ரிச்சர்ட் மேயரின் சோதனைகளில், படத்தையும் குரலையும் மட்டும் பெற்றவர்கள், அதே சொற்களை எழுத்திலும் சேர்த்துப் பெற்றவர்களைவிட நன்றாகப் புரிந்துகொண்டார்கள். கண் படத்துக்கும் எழுத்துக்கும் இடையே அலைய வேண்டியிருப்பதே காரணம் என்று அவர் விளக்குகிறார். புதிய கலைச்சொற்களை மட்டும் எழுத்தில் காட்டலாம். செவித்திறன் குறைந்தோருக்கு முழு வசனவரிகள் இன்றியமையாதவை. ஆகவே அவற்றை வேண்டியபோது போட்டுக்கொள்ளும்படி அமையுங்கள். விளக்கம் நடக்கும்போது இசை வேண்டாம், அது நாதஸ்வரமாகவே இருந்தாலும்.

கேள்வி (சிற்பக்கூடத்தைச் சேர்ந்தவர், சுவாமிமலை): மெழுகு உருவின் மேல் மண் அச்சு பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த இடத்தில் உலோகம் ஊற்றும் மெழுகுவார்ப்பு முறையைப் பாடமாக்க விரும்புகிறோம். அசைவூட்டப் படங்களுக்குச் செலவிடலாமா?

பதில்: கண்ணால் காண முடியாத கட்டங்களுக்கு மட்டும் செலவிடுங்கள். காவிரி வண்டல் பூசிய அச்சைச் சூடாக்கும்போது மெழுகு எந்த வழியாக வெளியேறுகிறது, ஊற்றிய உலோகம் எங்கெல்லாம் நிறைகிறது, காற்று அடைபட்டால் வார்ப்பில் எங்கே குறை விழும் என்பவற்றை எந்தக் கேமராவும் காட்டாது. குறுக்குவெட்டு அசைவூட்டம் காட்டும். மெழுகு உருவைச் செய்வதற்கும் வார்த்தபின் உளியால் செதுக்குவதற்கும் ஸ்தபதியின் தோளுக்குப் பின்னிருந்து, அவர் கை அவருக்கே தெரிகிற கோணத்தில் எடுத்த காணொளியே சிறந்தது. பெயர்க்குறிப்புகளைப் படத்தின் அடியில் பட்டியலிடாமல் அந்தந்த உறுப்பின் அருகிலேயே வையுங்கள். கைப்பழக்கம் திரையால் வராது என்பதையும் சேர்வோருக்கு முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

கேள்வி (தன்னார்வலர், வேதாரண்யம்): இங்கே பலரிடம் கைப்பேசியும் குறைந்த டேட்டாவும்தான் உள்ளன.

பதில்: 5 நிமிடக் காணொளி நொடிக்கு 500 கிலோபிட் வேகத்தில் ஏறத்தாழ 19 எம்பி பிடிக்கும், அதே 5 நிமிட ஒலிப்பதிவு 32 கிலோபிட்டில் 1.2 எம்பிதான். அசைவு தேவைப்படாத பகுதிகளை ஒலியும் நான்கைந்து நிழற்படங்களுமாக மாற்றி, முன்பே பதிவிறக்கி வைத்துக்கொள்ளும் வசதியைக் கொடுங்கள்.

கேள்வி (கல்லூரி விரிவுரையாளர், கும்பகோணம்): எந்த மென்பொருளில் தொடங்குவது?

பதில்: காணொளியின் நடுவே கேள்வி வைக்க எச்5பி, பாடங்களை அடுக்கி நடத்த மூடுல், இரண்டும் கட்டணமின்றிக் கிடைக்கும் திறமூல மென்பொருள்கள். ஆனால் பாடம் முடிந்தபின் மாணவர் என்ன செய்யக்கூடியவராக இருக்க வேண்டும் என்பதைத் தாளில் எழுதி முடிக்கும்வரை எதையும் நிறுவ வேண்டாம்.