ஒரு மேசை, எட்டுப் பேர், பதினைந்து நிமிடம்: அரிய நூல்களைப் பொதுமக்களுக்குக் காட்டுவது எப்படி?

கேள்வி: பல்கலைக்கழக நூலகத்தின் அரிய நூல் பிரிவில் வேலை செய்கிறேன். எங்கள் பல்கலைக்கழக அருங்காட்சியகத்துடன் சேர்ந்து ஆண்டுக்கு ஒருமுறை வெளியாட்களுக்காக ஒரு மாலை நிகழ்ச்சி நடத்துகிறோம். ஒரு மணி நேரச் சொற்பொழிவு, அதன் பிறகு காட்சிப் பெட்டிகளைப் பார்க்க அரை மணி நேரம். கூட்டம் வருகிறது. ஆனால் பெட்டியை ஒட்டி நிற்கும் முதல் வரிசைக்காரர்களைத் தவிர யாரும் எதையும் பார்த்ததாகத் தெரியவில்லை. வெளியே எடுத்துக் காட்டலாம் என்றால், பொருளுக்கு ஆபத்து என்கிறார்கள். எத்தனை பேரை அழைப்பது, எதை எடுப்பது, எப்படிக் காட்டுவது?

பதில்: அரங்கில் எத்தனை நாற்காலி இருக்கிறது என்று பார்த்து ஆள் சேர்த்தால் இப்படித்தான் முடியும். மேசையிலிருந்து எண்ணத் தொடங்குங்கள். விரித்து வைத்த ஒரு நூலின் எழுத்தைப் படிக்கும் தூரத்தில் எட்டுப் பேர் உட்காரலாம். பத்தாவது ஆள் வந்தால் அவர் அடுத்தவர் தோளைத்தான் பார்ப்பார்.

நான்கு மேசை, மேசைக்கு எட்டுப் பேர் என்றால் ஓர் அணிக்கு 32 பேர். ஒவ்வொரு மேசையிலும் 15 நிமிடம், மேசை மாற 3 நிமிடம் என்று வைத்தால் நான்கையும் சுற்றி முடிக்க 69 நிமிடம் ஆகும். 20 நிமிடம் இடைவெளி விட்டு இரண்டாவது அணியை உள்ளே விடுங்கள். மொத்தம் 158 நிமிடத்தில் 64 பேர் நிதானமாகப் பார்த்து முடிப்பார்கள். மாறுவதற்கான அந்த 3 நிமிடத்தை மட்டும் விழுங்கிவிடாதீர்கள். பேசுபவர் அடுத்த குழு வருவதற்குள் நூலைச் சரியான பக்கத்துக்குத் திருப்பி, பக்கத்தைப் பிடிக்கும் எடையை மறுபடி வைத்து, ஒரு வாய் மூச்சு வாங்க வேண்டாமா? சொற்பொழிவு கட்டாயம் வேண்டும் என்று மேலிடம் சொன்னால் வேறொரு நாளில் வையுங்கள். ஒரு மணி நேரம் உட்கார்ந்து கேட்டுக் களைத்தவர்கள் பெட்டிகளுக்கு முன்னால் நிற்பதில்லை, வாசலை நோக்கித்தான் நடப்பார்கள்.

ஆபத்து என்று சொல்பவர்கள் பெரும்பாலும் வெளிச்சத்தையும் கையையும் நினைத்துத்தான் சொல்கிறார்கள். முதலில் வெளிச்சம். காகிதத்துக்கு 50 லக்ஸ் (பரப்பில் விழும் வெளிச்சத்தை அளக்கும் அலகு) என்ற வரம்பு துறையில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஒளியால் வரும் சேதம் கூடிக்கொண்டே போவது. எவ்வளவு வெளிச்சம் என்பதோடு எத்தனை மணி நேரம் என்பதையும் பெருக்கித்தான் பார்க்க வேண்டும். கண்ணாடிப் பெட்டிக்குள் 50 லக்ஸில் ஒரு நாளுக்கு 8 மணி நேரம் கிடக்கும் நூல் 400 லக்ஸ்-மணி வாங்குகிறது. உங்கள் மேசையில் 150 லக்ஸில் 158 நிமிடம் இருக்கும் நூல் வாங்குவது ஏறத்தாழ 395. ஒரு மாலை நிகழ்ச்சி என்பது பெட்டியில் ஒரு நாள் இருப்பதற்குச் சமம், அவ்வளவுதான். ஒளியால் மிக எளிதில் நிறம் போகும் பொருட்களுக்கு, அதாவது பட்டு, மங்கும் சாயங்கள் போன்றவற்றுக்கு, ஆண்டுக்கு 15,000 லக்ஸ்-மணி என்பது சர்வதேச ஒளியூட்டல் ஆணையம் 2004-இல் கொடுத்த வரம்பு. 50 லக்ஸிலேயே 38 நாளில் அது தீர்ந்துவிடும். பொருளைப் பற்றிக் கவலைப்பட வேண்டிய இடம், மாதக்கணக்கில் பக்கம் திருப்பாமல் விட்ட அந்தக் காட்சிப் பெட்டி.

எனவே மேசையில் 150 லக்ஸ் வரை போகத் தயங்க வேண்டாம். 50 லக்ஸில் பழைய கையெழுத்தைப் படிக்க வயதானவர்களின் கண் திணறும். வருபவர்களில் பாதிப் பேர் வயதானவர்களாகத்தான் இருப்பார்கள். அளவைப் பக்கத்தின் மேலேயே எடுங்கள். நூல் தாங்கியில் உயர்ந்து நிற்கும்போது விளக்குக்கு நெருங்கிவிடுவதால், மேசைப் பரப்பில் எடுத்த அளவு ஏமாற்றும். கைப்பேசிச் செயலி காட்டும் லக்ஸை நம்பாதீர்கள். நல்ல எல்இடி விளக்கில் புற ஊதாக் கதிர் அநேகமாக இருக்காது. சாய்ந்த வெயில் விழும் சன்னலுக்குத் திரை போடுங்கள். அணிகளுக்கு இடையே உள்ள 20 நிமிடமும் நூலின் மேல் ஒரு சுத்தமான காகிதம் மூடியிருக்கட்டும்.

அடுத்து கை. இது பழைய வழக்கு. ஆக்ஸ்போர்டில் 1683-இல் பொதுமக்களுக்குத் திறந்த ஆஷ்மோலியன், பல்கலைக்கழக அருங்காட்சியகங்களில் முன்னோடி. 1710-இல் அங்கே போன ஜெர்மானியப் பயணி உஃபென்பாக், வந்தவர்கள் அங்குமிங்கும் ஓடி எல்லாவற்றையும் கையால் பற்றுகிறார்கள், காப்பாளர் தடுத்தும் கேட்பதில்லை என்று குறைபட்டு எழுதினார். தொட வேண்டும் என்ற ஆசை மனிதருக்கு இயல்பு. அதை அடக்கப் பார்ப்பதைவிட, தொடுவதற்கென்றே ஒன்றைக் கையில் கொடுத்துவிடுவது நல்லது.

இதற்கு நாங்கள் மிகவும் நம்புவது தாளைத்தான். கையால் செய்த புதிய தாள் ஒன்றையும் இயந்திரத்தாள் ஒன்றையும் ஆளுக்கு ஒரு துண்டாகக் கொடுங்கள். விளக்குக்கு எதிரே பிடிக்கச் சொல்லுங்கள். கம்பிச் சல்லடையில் வார்த்த தாளில் நெருக்கமான மெல்லிய கோடுகளும், அவற்றுக்குக் குறுக்கே ஏறத்தாழ 25 மில்லிமீட்டர் இடைவெளியில் சங்கிலிக் கோடுகளும் தெரியும். இப்போது உண்மையான பழைய நூலின் ஒரு தாளுக்கு அடியில், தையலை நெருக்காமல், மெல்லிய ஒளித்தகட்டைச் செருகிக் காட்டுங்கள். சங்கிலிக் கோடு செங்குத்தாக ஓடி, நீர்க்குறி (தாள் வார்க்கும்போதே உள்ளே பதியும் அடையாளம்) தாளின் நடுவில் இருந்தால் முழுத்தாளை ஒருமுறை மடித்த நூல். கோடு கிடையாக ஓடி, நீர்க்குறி தைத்த மடிப்பில் பாதியாக வெட்டுப்பட்டு மறைந்தால் இருமுறை மடித்தது. மறுபடி செங்குத்தாகி, நீர்க்குறி உள்ளோரத்தின் மேல்முனைக்குப் போய்விட்டால் மும்முறை. ஒருவர் கண்டுபிடித்துச் சொன்னதும் மற்ற ஏழு பேரும் குனிவார்கள். நூலாசிரியரின் பெயரைக்கூடக் கேள்விப்படாத ஒருவர், அச்சுக்கூடத்தில் அந்தத் தாள் எப்படி மடிந்தது என்பதை இரண்டே நிமிடத்தில் தானே கண்டறிந்துவிடுகிறார்.

பொருளைத் தேர்ந்தெடுப்பதற்கும் இதுதான் அளவுகோல். புகழைப் பார்த்து எடுக்காதீர்கள். கண்ணுக்கு ஏதாவது வேலை கொடுக்கிறதா என்று பாருங்கள். ஓரத்தில் வாசகர் எழுதிய குறிப்பு, அடித்துத் திருத்திய கடிதம், பிழையின் மேல் தாள் ஒட்டி மறைத்த பக்கம், புழு துளைத்துச் சென்ற வழி ஆகியவை தங்க எழுத்து அட்டையைவிட நன்றாகப் பேசும். ஒரு மேசைக்கு இரண்டு, மிஞ்சினால் மூன்று பொருள் போதும். ஐந்து வைத்தால் பேசுபவர் ஐந்தையும் முடிக்க ஓடுவார்.

சிலவற்றை வெளியே எடுக்கவே கூடாது. இரும்பு மை அரித்துத் தாளில் விரிசல் விட்டவை, கரித்துண்டு அல்லது பாஸ்டல் ஓவியங்கள், தொட்டால் செந்நிறப் பொடி உதிரும் தோல் கட்டுமானங்கள் ஆகியவை அந்த வகை. விலங்குத்தோலில் எழுதியது என்றால் காற்றின் ஈரம் மாறினாலே நெளியும். ஆட்கள் நிறைந்த அறையில், விளக்கின் கீழே, நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மூலை எழும்பும். அதை எடுத்தால் சிறிது நேரம் காட்டி மூடிவிடுங்கள். ஓலைச்சுவடியில் கயிற்றோடு சேர்த்து ஓலைகளை விசிறிபோல் விரித்துக் காட்டுவதைப் பல இடங்களில் பார்க்கலாம். பார்க்க அழகுதான், ஆனால் துளைகள் ஒவ்வொன்றாகக் கிழியும். கயிற்றைத் தளர்த்தி, ஒரு ஓலையை மட்டும் தட்டையான பலகையில் தனியே வையுங்கள். குளிர்சேமிப்பில் இருக்கும் ஒளிப்படச் சுருள்களை மூடிய உறையோடு 24 மணி நேரம் அறையில் வைத்த பிறகே திறக்க வேண்டும். இல்லாவிட்டால் குளிர்ந்த பரப்பில் நீர் பூத்துவிடும்.

அருங்காட்சியகப் பக்கத்தில் வேறு வகை எச்சரிக்கை தேவை. அங்கே பொருளால் ஆளுக்கு ஆபத்து. பழைய பதனம் செய்த பறவை, விலங்குகளில் ஆர்செனிக் சோப்பும் பாதரசக் குளோரைடும் இருக்க வாய்ப்பு அதிகம். சோதித்துச் சான்று இல்லாத எதையும் குழந்தைகள் தடவக் கொடுக்கக் கூடாது. பழைய அளவைக் கருவிகளின் இருட்டில் ஒளிரும் முகப்பில் ரேடியம் இருக்கலாம். இவற்றைக் கண்ணாடிக்குள்ளேயே விட்டுவிட்டு, ஓடு, கல், அச்சு வார்ப்பு போன்றவற்றைக் கையில் கொடுங்கள்.

வெள்ளைப் பருத்திக் கையுறை தொலைக்காட்சியில் நன்றாக இருக்கும். தாளுக்கு அது கெடுதல். விரல் நுனியின் உணர்ச்சியை மழுக்கும், கிழிந்த ஓரத்தில் இழை மாட்டும், வியர்வையையும் கசிய விடும். சோப்புப் போட்டுக் கழுவி நன்றாகத் துடைத்த வெறுங்கைதான் நூலுக்கு ஏற்றது. கைச்சுத்திகரிப்பான் தடவிவிட்டு நேராக நூலைத் தொடக் கூடாது. ஒளிப்படங்களுக்கும் உலோகப் பொருட்களுக்கும் மட்டும் நைட்ரைல் கையுறை. வாசலில் இதைச் சொல்லாவிட்டால், “கையுறை போடாமல் தொடுகிறார்களே!” என்று வருபவர்களே உங்களைக் கண்டிப்பார்கள்.

நூலைப் படுக்கையாக 180 பாகைக்கு விரிக்க வேண்டாம். இருபுறமும் ஆப்பு வடிவ ஃபோம் வைத்து 90 முதல் 120 பாகைக்குள் நிறுத்துங்கள். பக்கத்தைப் பிடிக்க, துணி சுற்றிய எடைக்கயிற்றை எழுத்தில் படாமல் வெற்று ஓரத்தில் மட்டும் போடுங்கள். தனித்தாள்கள் என்றால் தெளிவான பாலியஸ்டர் உறையில் இருக்கட்டும். கட்டு உறுதியான நூல் ஒன்றில், ஊழியர் கண் முன்னே, ஒருவரைப் பக்கம் திருப்பச் சொல்லுங்கள். மேல் வெளிமூலையிலிருந்து தொடங்கி, உள்ளங்கையை அடியில் கொடுத்துத் தூக்கச் சொல்லிக்கொடுங்கள். வீட்டுக்குப் போய் அவர்கள் சொல்லப் போவது இதைத்தான்.

ஒவ்வொரு மேசைக்கும் இரண்டு பேர் தேவை. இதில் சிக்கனம் பார்க்காதீர்கள். பேசுபவரின் கண் முகங்களில் இருக்கும், இன்னொருவரின் கண் கைகளில் மட்டும் இருக்க வேண்டும். ஒரே ஆள் இரண்டையும் செய்யும்போதுதான் கண்ணாடி பக்கத்தில் விழுகிறது, பேனா மூடி கழல்கிறது. மேசையில் பென்சில் மட்டும். பை, குடை, தண்ணீர் எல்லாம் வாசலிலேயே. தின்பண்டம் இருந்தால் வேறு அறையில், நிகழ்ச்சி முடிந்த பிறகு.

பேராசிரியர்களைப் பேச அழைப்பது நல்லது. ஆனால் ஆளுக்கு ஒரு பொருள், நான்கு நிமிடப் பேச்சு என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். நிகழ்ச்சிக்கு ஒரு வாரம் முன்பு கடிகாரம் வைத்து ஒத்திகை பாருங்கள். ஒத்திகையில் 4 நிமிடம் எடுத்தவர் அன்று 7 எடுப்பார் என்று கணக்கில் வையுங்கள். தொடக்கம் விளக்கமாக இருக்க வேண்டாம். அபிகெயில் ஹவுசென், ஃபிலிப் யெனவைன் இருவரும் ஓவியம் பார்க்கப் பழக்குவதற்கு உருவாக்கிய மூன்று கேள்விகள் நூலுக்கும் பொருந்தும்: இங்கே என்ன நடக்கிறது? எதைப் பார்த்து அப்படிச் சொல்கிறீர்கள்? இன்னும் என்ன தெரிகிறது? முதல் கேள்வியைக் கேட்டுவிட்டு அரை நிமிடம் வாய் திறக்காமல் இருப்பது பேசுபவருக்குக் கடினம். அந்த அமைதியை மேசையின் மறுபக்கம் இருப்பவர்தான் காப்பாற்றிக் கொடுக்க வேண்டும்.

சக்கர நாற்காலியில் வருபவருக்கு மேசையின் அடியில் முழங்கால் நுழைய 70 சென்டிமீட்டர் உயரமும், மேசைகளுக்கு நடுவே 90 சென்டிமீட்டர் வழியும், திரும்ப 150 சென்டிமீட்டர் வட்டமும் விடுங்கள். குனிய முடியாதவர்களுக்காக ஒரு மேசையிலாவது மேலிருந்து படமெடுக்கும் கேமராவை வைத்துப் பக்கத்தைத் திரையில் பெரிதாக்குங்கள். அதற்கென்று ஒளிவிளக்கு இருந்தால் அதன் லக்ஸையும் அளக்க மறக்க வேண்டாம்.

ஒளிப்படம் எடுக்க விடலாம், ஃபிளாஷ் மட்டும் கூடாது. கடிதம், நாட்குறிப்பு போன்ற அச்சாகாத ஆவணங்களில் யோசியுங்கள்: தாள் நூலகத்துடையது என்றாலும், எழுத்தின் பதிப்புரிமை பெரும்பாலான நாடுகளில் எழுதியவருக்கோ அவரது வாரிசுகளுக்கோ உரியது. உயிரோடு இருப்பவர்களின் விவரம் உள்ள பக்கத்தைத் திறந்து வைக்காதீர்கள்.

அழைப்பிதழில் மிகவும் விட்டுப்போவது வழி. வளாகத்தில் வேலை செய்பவர்களுக்கு எந்த வாயில், எந்தக் கட்டடம் என்பது கை ரேகைபோல் தெரியும். வெளியாளுக்குப் பல்கலைக்கழகம் ஒரு காடு. வாயில் பெயர், கட்டடக் கதவின் படம், வண்டி நிறுத்துமிடம் மூன்றும் அழைப்பில் இருக்கட்டும். காவலரிடம் பெயர்ப்பட்டியலும் நிகழ்ச்சி நேரமும் அன்று காலையிலேயே போய்ச் சேரட்டும். இலவச முன்பதிவில் சிலர் வரமாட்டார்கள். முந்தைய நாள் நினைவூட்டல் அனுப்பி, வர இயலாதவர்கள் அதிலேயே இடத்தைத் திருப்பித்தர வசதி செய்தால், காத்திருப்பவர்களுக்கு அது கிடைக்கும். தேர்வுக் காலத்தில் மட்டும் வேண்டாம். அப்போது வாசிப்பறை மாணவர்களுக்குச் சொந்தம்.

பொருள் பட்டியலை எட்டு வாரம் முன்பே முடித்து, ஒவ்வொன்றையும் பாதுகாப்பு வல்லுநரிடம் காட்டி, எந்தப் பக்கம் திறக்கும் என்பது வரை எழுதி, படமும் எடுத்து வையுங்கள். அன்று பொருட்கள் கடைசியாக வெளியே வர வேண்டும், முதலில் உள்ளே போக வேண்டும். இரண்டாவது அணி எழுந்ததும், நாற்காலி மடக்குவதற்கு முன், பட்டியலை வைத்து இருவர் எண்ணிச் சரிபார்த்துக் கையெழுத்திடுங்கள். ஊழியர் யாரும் அதற்கு முன் கிளம்பக் கூடாது.

ஒவ்வொரு பொருளின் அருகிலும் அதன் அழைப்பு எண் (நூலகத்தில் அதைக் கேட்டு வாங்க உதவும் எண்) அச்சிட்ட சிறு சீட்டுகளை அடுக்கி வையுங்கள். பின்புறத்தில் வாசிப்பறை நேரம், வெளியாட்கள் உறுப்பினராகும் முறை, எந்த அடையாளச் சான்று கொண்டுவர வேண்டும் என்ற விவரம். எந்த மேசையில் எத்தனை சீட்டு எடுத்துப் போனார்கள் என்று எண்ணுங்கள். அடுத்த மூன்று மாதத்தில் அந்த எண்களைக் கேட்டு எத்தனை பேர் வாசிப்பறைக்கு வந்தார்கள் என்பதையும் குறித்து வையுங்கள். அடுத்த ஆண்டு எந்த நூலை மேசைக்குக் கொண்டுவருவது என்பதை அந்த இரண்டு எண்களிலிருந்தே முடிவு செய்யலாம்.