ஹார்மோன் மாத்திரையில் எதை முதலில் விடுவது?

கேள்வி: வயது 54. மாதவிடாய் நின்றபின் உடம்பு குப்பென்று சூடாவதும் இரவு வியர்வையும் தாங்காமல், நாலு வருடமாக தினமும் எஸ்ட்ராடியால் 2 மி.கி., இரவில் புரொஜெஸ்டிரோன் 100 மி.கி. எடுக்கிறேன். கர்ப்பப்பை இருக்கிறது. இனி நிறுத்தலாம் என்கிறார் டாக்டர். புரொஜெஸ்டிரோன் போட்டால் தலை கிறுகிறுக்கிறது, அதை முதலில் விட்டுவிடலாமா? தைராய்டு மாத்திரையும் சாப்பிடுகிறேன்.
– வாசகி, கரூர்

பதில்: கூடவே கூடாது. எஸ்ட்ராடியாலை மட்டும் தொடர்ந்தால் கர்ப்பப்பையின் உள்சவ்வு தடித்துக்கொண்டே போகும், நாளடைவில் புற்றுநோய் வரைக்கும் போகலாம். எஸ்ட்ராடியால் நிற்கும் நாள்வரை புரொஜெஸ்டிரோனும் வேண்டும். கிறுகிறுப்பு அந்த மாத்திரையின் பக்கவிளைவு; சாப்பாட்டோடு போட்டால் அது அதிகமாக உடலில் சேர்வதால் இன்னும் கூடும். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துப் போட்டு, உடனே படுத்துவிடுங்கள்.

எஸ்ட்ராடியாலை ஒரேயடியாக நிறுத்தினாலும் ஆபத்தில்லை. மெல்லக் குறைத்தால் ஆரம்பச் சிரமம் குறையும், அவ்வளவுதான். போகப்போக இரண்டுக்கும் பெரிய வித்தியாசமில்லை. டாக்டரிடம் கேட்டு, தினமும் 1 மி.கி. என்று இரண்டு மூன்று மாதம், பிறகு 0.5 மி.கி. சில வாரம், அப்புறம் நிறுத்தம் என்று போகலாம். ஒருநாள் விட்டு ஒருநாள் போடுவது எங்களுக்கு உடன்பாடில்லை; ரத்தத்தில் அளவு ஏறி இறங்க, விட்டுப்போன சூடு திரும்ப எட்டிப்பார்க்கும். சித்திரையில் தொடங்காதீர்கள். கரூர் வெயிலில் எது உடம்புச் சூடு, எது ஊர்ச் சூடு என்று யார் கண்டது?

நிறுத்தியபின் சூடு திரும்பினால் இரண்டு மூன்று மாதம் பொறுத்துப் பாருங்கள். பலருக்குத் தானே தணியும். தணியாவிட்டால் குறைந்த அளவில் மறுபடி தொடங்கலாம், ஹார்மோன் இல்லாத மாத்திரைகளும் உண்டு. பிறப்புறுப்பு வறட்சி மட்டும் தானாகச் சரியாகாது. அதற்கு எஸ்ட்ரியால் (எஸ்ட்ராடியால் அல்ல, வேறொரு ஈஸ்ட்ரஜன்) க்ரீமைப் பிறப்புறுப்பில் இடலாம்: முதல் இரண்டு மூன்று வாரம் தினமும் இரவில், பிறகு வாரம் இருமுறை. அந்தக் குறைந்த அளவு க்ரீமுக்குத் துணையாக புரொஜெஸ்டிரோன் தேவையில்லை.

தைராய்டு விஷயத்தைச் சொன்னது நல்லதாயிற்று. வாய்வழி எஸ்ட்ராடியால் எடுக்கும்போது தைராக்சின் (தைராய்டு மாத்திரை) கூடுதலாகத் தேவைப்படலாம். எஸ்ட்ராடியாலை நிறுத்தியதும் தைராக்சினின் பழைய டோஸே அதிகமாகிவிடக்கூடும். அப்போது வரும் படபடப்பையும் வியர்வையையும் மாதவிடாய்ச் சூடு என்றே நினைத்துக்கொள்வார்கள். எஸ்ட்ராடியாலை நிறுத்தி ஆறு முதல் எட்டு வாரத்தில் டி.எஸ்.எச். (தைராய்டு ரத்தப் பரிசோதனை) பாருங்கள்.

எலும்புக்கு இருந்த பாதுகாப்பும் நின்றுபோகும். எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் தேவையா என்று டாக்டரிடம் கேளுங்கள். துளி ரத்தம் பட்டாலும் உடனே கர்ப்பப்பை ஸ்கேன் அவசியம்.