வயலை ஈடு வைக்க வேண்டாம், ஐயா

களுவாஞ்சிகுடியிலிருந்து ஒரு தந்தை எழுதியிருக்கிறார். மகள் உயர்தரத்தில் கணிதப் பிரிவு. பல்கலைக்கழக அனுமதியைத் தீர்மானிக்கும் இசட் புள்ளி பொறியியல் பீடத்துக்கு எட்டவில்லை. கனடாவிலுள்ள தாய்மாமன், வெளிநாட்டுத் தனியார் பல்கலைக்கழகத்தில் பொறியியலுக்கே சேர்க்கச் சொல்கிறார். வயற்காணியை ஈடு வைத்தால் முதல் வருடக் கட்டணம் தேறும். மகளோ வாழைச்சேனையில் பெரியப்பா வேலை செய்யும் ஐஸ் ஆலையையே சுற்றி வருகிறாளாம்.

ஐயா, உங்கள் கலக்கம் புரிகிறது. ஆனாலும் காணியில் கை வைக்காதீர்கள். முதல் வருடத்துக்கே அது போய்விட்டால், அடுத்த வருடங்களுக்கு எதை வைப்பீர்கள்? மாமன் ஆலோசனை தருகிறார். கடனைக் கட்டப்போவது நீங்கள்.

மறுபடி பரீட்சை எழுதுவது, கணினி படிப்பது பற்றி ஊரே சொல்லியிருக்கும். நான் பேச விரும்புவது, நீங்கள் குறையாக எழுதியிருக்கும் ஒன்றைப் பற்றி: ஐஸ் கட்டியின் நடுவிலுள்ள வெள்ளைப் பகுதியை உடைத்துக் கரைத்து, உப்புக் கரிக்கிறதா என்று நாக்கில் வைத்துப் பார்க்கிறாள்.

அவள் சரியான இடத்தில்தான் கை வைத்திருக்கிறாள். தகர அச்சில் ஊற்றிய நீர் ஓரத்திலிருந்து உள்நோக்கி உறைகிறது. ஐஸ் பளிங்கு நீர் மூலக்கூறுகளை மட்டும் அடுக்கிக்கொண்டு உப்பையும் அழுக்கையும் காற்றையும் வெளியே தள்ளுகிறது. அவை நடுவில் சேர்ந்து கடைசியாக உறைகின்றன. ஓரம் கண்ணாடி போலத் தெளிந்தும் நடு வெளுத்தும் இருப்பது அதனால்தான். கழிவுநீரை உறையவைத்துச் சுத்திகரிக்கும் தொழில்நுட்பத்துக்கும் இதுவே அடிப்படை. மெதுவாக உறைந்தால் ஐஸ் தூய்மையாக வரும். அவசரப்படுத்தினால் உப்புநீர் பளிங்குகளுக்கிடையே சிக்கிக்கொள்ளும். பிறகு அதைக் கழுவுவதற்கே நல்ல நீர் செலவாகும். ஆனாலும் கொதிக்கவைத்துப் பிரிப்பதைவிட இதில் கையாள வேண்டிய வெப்பம் குறைவு: ஒரு கிலோ நீரைக் கொதிநிலையில் ஆவியாக்கச் சுமார் 2,257 கிலோயூல் வெப்பம் தேவை. உறையவைக்க அகற்ற வேண்டியதோ சுமார் 334 தான். கறியுப்புக் கரைசலைப் பூச்சியத்துக்குக் கீழே 21 பாகை செல்சியஸ் வரை குளிரவைத்தால், ஐஸும் உப்பும் ஒரே நேரத்தில் தனித்தனியே பளிங்காகும். ஐஸ் மிதக்கும், உப்பு அடியில் படியும். எனக்கு இன்றும் வியப்பூட்டும் விடயம் இது.

ஒன்றை மறைக்க மாட்டேன். இயந்திரச் செலவு அதிகம் என்பதால் இந்த முறை இன்னும் பரவலாகவில்லை. மட்டக்களப்பில் இதற்கென்று வேலை விளம்பரமும் வராது. ஆனால் குளிரூட்டலும் நீர் இரசாயனமும் சேர்ந்து தெரிந்தவருக்கு மீன் பதனிடும் நிலையங்களிலும் ஐஸ் ஆலைகளிலும் நீர் ஆய்வுகூடங்களிலும் இடமுண்டு. புழுங்கலுக்கு நெல் ஊறவைத்த நீரை என்ன செய்வதென்று திணறும் அரிசி ஆலைகளுக்கும் அப்படிப்பட்டவர் தேவை.

பல்கலைக்கழக விண்ணப்பத்தில், பௌதிகமும் இரசாயனமும் படிக்கக்கூடிய பௌதிக விஞ்ஞானப் பட்டப்படிப்பை மேலே போடுங்கள். வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது. சம்மாந்துறையில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பிரயோக விஞ்ஞான பீடம் இருக்கிறது. அரச பல்கலைக்கழகங்கள், படிப்புக் கட்டணம் கிடையாது. அனுமதிக்குக் காத்திருக்கும் மாதங்களில் குளிரூட்டல், வளிச்சீராக்கல் துறையில் ஒரு தொழிற்பயிற்சியில் சேரட்டும். “பெண் பிள்ளை கொம்பிரசர் கழற்றுவதா?” என்று உறவினர் கேட்டால், ஆம், கழற்றுவாள் என்று சொல்லுங்கள்.

மாமனிடம் நானே பேசுகிறேன். அடுத்த முறை வரும்போது மகளையும் அழைத்து வாருங்கள். விண்ணப்பத்தை அவள் கையாலேயே நிரப்பட்டும்.