எழுத்தாளர் பேட்டியைக் கேட்டால் போதுமா, புத்தகத்தையும் படிக்க வேண்டுமா?

வரலாறு, ஜனநாயகம் பற்றிய புத்தகம் என்றால் இரண்டும் வேண்டும் என்பேன். பேட்டி புத்தகத்தின் சுருக்கம் இல்லை. ஆசிரியர் எதில் உறுதியாக இருக்கிறார், எங்கே தயங்குகிறார் என்பது அச்சில் தெரியாது, குரலில் தெரிந்துவிடும்.

அமெரிக்காவின் சி-ஸ்பான் தொலைக்காட்சியில் 1989 முதல் 2004 வரை பிரையன் லாம்ப் நடத்திய ‘புக்நோட்ஸ்’ எனக்கு மிகப் பிடித்த உதாரணம். ஒரு மணி நேரம், ஒரே ஆசிரியர், ஒரே புத்தகம். ஒருமுறை வந்தவர் மறுபடி வர முடியாது. ‘எங்கே உட்கார்ந்து எழுதுவீர்கள்?’ என்பதுபோல எளிமையான கேள்விகள்தான். ஆனால் லாம்ப் புத்தகத்தைப் படித்துவிட்டுத்தான் உட்காருவார். சின்னக் கேள்விக்கு மனம் திறந்த பதில் கிடைத்தது அதனால்தான் என்று நினைக்கிறேன்.

இன்னொன்று, ஜனநாயகம் பற்றிய பெரிய புத்தகங்களில் ஒன்றான ‘அமெரிக்காவில் ஜனநாயகம்’ உரையாடலிலிருந்தே பிறந்தது. அதை எழுதிய பிரெஞ்சுக்காரர் தொக்வில் 1831இல் சிறைச்சாலைகளை ஆராயும் அரசுப் பணியாக அமெரிக்கா போனார். சுமார் ஒன்பது மாதம் பார்த்தவர்களிடமெல்லாம் பேசி, பேச்சைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். பாஸ்டனில் ஒரு விருந்தில் முன்னாள் அதிபர் ஜான் குவின்சி ஆடம்ஸின் பக்கத்தில் உட்கார்ந்து, அவரிடம் அடிமை முறை பற்றி பிரெஞ்சிலேயே கேட்டார். புத்தகத்தின் முதல் பகுதி வெளிவந்தது 1835இல்.

ஆனால் பேட்டியில் அடிக்குறிப்பு கிடையாது. ஆசிரியர் சொல்லும் ஆண்டு, எண்ணிக்கை, ஆதாரம் எல்லாவற்றையும் புத்தகத்தில்தான் சரிபார்க்க முடியும். நான் முதலில் பேட்டி கேட்பேன், அப்புறம் படிப்பேன், முடித்ததும் அதே பேட்டியை மறுபடி கேட்பேன். பேட்டியாளர் கேட்காமல் விட்ட கேள்விகள் அப்போதுதான் தெரியவரும்.